வேட்டை ரிட்ரீவருக்குப் பயிற்சியாளர் தேடுகிறீர்களா? செக் எழுதுவதற்கு முன்

அக்டோபர் முதல் வாரம், மின்னசோட்டாவில் ஓர் ஏரிக்கரை. விடிந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். நண்பர் சுட்ட வாத்து, நாங்கள் மிதக்கவிட்டிருந்த பொம்மை வாத்துகளுக்கு நடுவே, முப்பது கெஜத் தொலைவுக்குள் விழுந்தது. என் பக்கத்தில் கறுப்பன், என் லாப்ரடார்; சுட்டு விழுந்த பறவையை எடுத்துவரும் ‘ரிட்ரீவர்’ இனம். மூன்று மாதம் தொழில்முறைப் பயிற்சியாளரிடம் இருந்துவிட்டு வந்தவன். “கறுப்பா!” என்றேன். திரும்பி என் முகத்தைப் பார்த்தான். மறுபடி சொன்னேன். வாலை ஆட்டினான். கடைசியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வாத்தை எடுத்துவந்தது நான்தான்.

காரணம் பிறகுதான் விளங்கியது. அந்தப் பயிற்சியாளரின் நாக்கில் ‘கறுப்பன்’ நுழையவில்லை. மூன்று மாதமும் ‘கார்ப்’ என்றே கூப்பிட்டிருக்கிறார். நாயின் கண்ணெதிரே விழுந்த பறவையை எடுக்க நாயை அனுப்பும்போது அதன் பெயரைச் சொல்லித்தான் அனுப்புவார்கள். ஆக, என் நாய் ‘கார்ப்’ என்ற சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. நான் அவனை அனுப்பியது நவம்பரில். சில வாரங்களில் குளம் குட்டையெல்லாம் உறைந்துவிட்டன. பயிற்சி முழுக்கப் புல்வெளியிலும் கொட்டகையிலும். தண்ணீரில் பறவை விழுவதை அவன் அதுவரை பார்த்ததே இல்லை.

மாதம் 850 டாலர் வீதம் 2,550 டாலர். அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு வேறொருவரிடம் விட்டு, சரியாகக் கற்றுக்கொண்டோம், நாயும் நானும். அமெரிக்காவில் ஆபீஸ் நண்பர் இழுத்துப்போய் வாத்து வேட்டையில் ஆசை வந்து, ஒரு லாப் குட்டியும் வாங்கிவிட்டு, அடுத்து என்ன என்று முழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. எதற்காக அனுப்புகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று வகை வேலை இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே ஆள் சரிப்படமாட்டார்.

முதலாவது, வேட்டைக்கு மட்டும் நாய். சொன்ன இடத்தில் அசையாமல் உட்கார வேண்டும். துப்பாக்கி வெடித்தாலும் எழக் கூடாது. அனுப்பினால் போய், பறவையைக் கடித்துக் குதறாமல் கையில் கொண்டுவந்து தர வேண்டும். வாரக் கடைசியில் வேட்டைக்குப் போகிற பெரும்பாலானவர்களுக்கு இது போதும்.

இரண்டாவது, ஹன்ட் டெஸ்ட். இதில் நாய்களுக்குள் போட்டி இல்லை. ஒரு தரம் வைத்திருப்பார்கள், அதை எட்டினால் தேர்ச்சி. ஏகேசி (அமெரிக்கன் கென்னல் கிளப்) நடத்தும் தேர்வில் ஜூனியர், சீனியர், மாஸ்டர் என்று மூன்று படிகள். ஜூனியர் பட்டத்துக்கு நான்கு முறை தேற வேண்டும். தரையில் இரண்டு பறவை, தண்ணீரில் இரண்டு, ஒவ்வொன்றாக. ஆறு மாதம் நிரம்பிய நாயையே சேர்த்துக்கொள்வார்கள். ஹெச்ஆர்சி (ஹன்டிங் ரிட்ரீவர் கிளப்) என்ற அமைப்பின் தேர்வுகள் வேட்டைக்கு இன்னும் நெருக்கமானவை. மேல் படிகளில் நாயை நடத்துபவரே துப்பாக்கியையும் கையாள வேண்டும்.

மூன்றாவது, ஃபீல்ட் டிரையல். இது அசல் போட்டி. பறவை முந்நூறு கெஜத்துக்கு அப்பாலும் விழும். இதற்கென்றே வாழும் பயிற்சியாளர்கள் உண்டு. அவர்களிடம் போய் “எனக்கு வேட்டைக்கு ஒரு நல்ல நாய் போதும்” என்றால், மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள்; உங்கள் நாய் வரிசையில் கடைசியாகப் போகும்.

நான் முதல் முறை போனில் சொன்னது, “நாயை நல்லா டிரெயின் பண்ணணும்.” இப்படிச் சொன்னால் எதையும் சொல்லாததற்குச் சமம். “அக்டோபரில் படகிலிருந்தும் கரையிலிருந்தும் வேட்டை, இரண்டு பறவை விழுந்தால் இரண்டையும் நினைவில் வைத்து எடுத்துவர வேண்டும், அடுத்த வசந்தத்தில் ஜூனியர் தேர்வு” என்று சொல்லுங்கள். எதிர்முனையில் பேச்சின் தொனியே மாறும்.

2. நாய் தயாராக இருக்கிறதா?

பெரும்பாலான பயிற்சியாளர்கள் ஆறேழு மாத வயதில்தான் முறைப்படி எடுத்துக்கொள்வார்கள். நிலைப்பற்கள் முழுதாக வருவது அப்போதுதான். பால்பல் விழுந்துகொண்டிருக்கும் வாயில் ‘ஃபோர்ஸ் ஃபெட்ச்’ (அழுத்தம் கொடுத்து வாயில் பிடிக்கப் பழக்குவது) செய்ய முடியாது. நான்கு மாதக் குட்டியை அதற்கே அனுப்பச் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

அனுப்புவதற்கு முன் உடம்பைப் பார்த்துவிடுங்கள். லாப்ரடாருக்கு ஈஐசி (கடுமையாக ஓடினால் சரிந்துவிழும் பரம்பரைக் கோளாறு) மரபணுச் சோதனை கட்டாயம் என்பேன். இந்தக் கோளாறின் இரண்டு பிரதிகளும் உள்ள நாய் ஐந்து முதல் இருபது நிமிடம் கடுமையாக ஓடினாலே பின்னங்கால் தள்ளாடிச் சரிந்துவிடக்கூடும். சில நாய்கள் செத்தும் போகும். குட்டி வாங்கும்போது தாய் தகப்பன் இரண்டுக்கும் இந்தச் சோதனையின் தாளைக் கேட்டு வாங்கி, ஒன்றாவது சுத்தம் என்று இருந்தால் நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம். ஒன்று சுத்தமாக இருந்தாலே குட்டிக்கு நோய் வராது. இடுப்பு மூட்டுக்கு ஓஎஃப்ஏ (விலங்குகளின் எலும்பு, மூட்டுச் சான்று தரும் அமைப்பு) இறுதிச் சான்று 24 மாதம் ஆன பிறகுதான் தருவார்கள். ஆனால் முன்கூட்டிய எக்ஸ்ரே எடுக்கலாம். ஆயிரக்கணக்கில் செலவழித்தபின் இடுப்பு சரியில்லை என்று தெரிவதற்கு, முன்பே தெரிவது நல்லது.

இனி, புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு: ‘சத்தத்துக்குப் பயப்படுகிறதா என்று பார்ப்போமே’ என்று குட்டியைத் துப்பாக்கி சுடும் இடத்துக்கோ ஜூலை 4 வாணவேடிக்கைக்கோ கூட்டிப்போவது. செய்யவே செய்யாதீர்கள். ஒரு முறை வெருண்ட நாயைத் திருப்பிக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும். சில நாய்கள் திரும்புவதே இல்லை. பறவையைத் துரத்தும் வெறியில் இருக்கும்போது, வெகு தொலைவில் சிறு வெடி, பிறகு கொஞ்சம் கிட்டே, பிறகு இன்னும் கிட்டே என்று பல நாள் எடுத்துச் செய்யும் வேலை அது. பயிற்சியாளரிடம் விட்டுவிடுங்கள். உங்கள் பங்குக்கு வீட்டில் செய்ய வேண்டியவை: கூண்டில் சத்தம் போடாமல் தூங்கப் பழக்குவது, வாகனத்தில் பழக்குவது, வெதுவெதுப்பான தண்ணீரில் விளையாட்டாக இறக்குவது. குளிர்ந்த தண்ணீரில் தூக்கிப் போட்டு ‘நீந்தக் கற்றுக்கொடுப்பது’ பெரும் பாவம்.

3. பெயர்களைத் திரட்டுவது

நாய்ப் பயிற்சியாளர் என்று பலகை மாட்ட மத்திய அரசு உரிமம் எதுவும் கிடையாது. நாளைக்கே நான் பலகை மாட்டலாம். ஆகவே இணையத்தில் நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருக்காமல் ஒரு ஹன்ட் டெஸ்டுக்குப் போய்விடுங்கள். வேடிக்கை பார்க்கக் காசு இல்லை. ஏகேசி தளத்தில் தேதிகள் இருக்கும். ‘என்ட்ரி எக்ஸ்பிரஸ்’ தளத்தில் எந்த நாயை யார் நடத்துகிறார் என்ற ஓட்டப்பட்டியலும் கிடைக்கும். ஒரே பெயர் பத்துப் பதினைந்து நாய்களுக்கு எதிரே இருந்தால் அவர் தொழில்முறை ஆள் என்று அர்த்தம்.

ஒரு நாற்காலியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போங்கள். வெள்ளை உடை வேண்டாம். ஃபீல்ட் டிரையலில் பறவை வீசுபவர்கள்தான் வெள்ளைக் கோட்டு போடுவார்கள், நாய்கள் குழம்பும். உங்கள் நாயைக் கூட்டிப்போகாதீர்கள். ஜூனியர் தேர்வில் உட்கார்ந்து, பயிற்சியாளர்களைவிட அவர்களிடம் பயின்ற நாய்களைத் தாங்களே நடத்தும் சொந்தக்காரர்களைக் கவனியுங்கள். அதுதான் உண்மையான சான்று. ப்ரோ (தொழில்முறைப் பயிற்சியாளர்) கையில் அற்புதமாக ஓடுகிற நாய் உங்கள் கையில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உங்களைப் போன்ற ஒருவர் கையில் ஓடுகிறதென்றால் நம்பிக்கை வைக்கலாம். மதிய இடைவேளையில் அவரிடம் பேச்சுக் கொடுங்கள். நாய்க்காரர்கள் பேசுவதற்குக் காத்திருப்பவர்கள், நிறுத்துவதுதான் கஷ்டம்.

மூன்று பெயர் கிடைத்தால் போதும்.

4. போனில் கேட்க வேண்டியவை

நான் ஒரு தாளில் எழுதிவைத்துக் கேட்டேன். எந்த ஒழுங்கும் இல்லை, ஆனால் ஒன்றைக்கூட விடாதீர்கள்.

என் நாயைத் தினமும் கையாளப்போவது நீங்களா, உதவியாளரா? இப்போது எத்தனை நாய் வைத்திருக்கிறீர்கள்? வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி? தேர்வு சீசனில் வியாழன் முதல் ஞாயிறு வரை ஊரில் இல்லாதபோது வீட்டில் இருக்கும் நாய்களை யார் பார்ப்பார்கள்? குளிர்காலத்தில் தெற்கே போவீர்களா? நான் எத்தனை முறை வந்து உங்களோடு பயிற்சி செய்யலாம்? நாய் இதற்குத் தோதில்லை என்று எத்தனை நாளில் சொல்வீர்கள்?

எண்ணிக்கைக்கு ஒரு கணக்குப் போடுங்கள். ஒரே ஆளிடம் 24 நாய், எட்டு மணி நேர வேலை என்றால் ஒரு நாய்க்கு 20 நிமிடம். வண்டி ஓட்டுவது, பறவை வீசும் கருவிகளை நிறுத்துவது, கூண்டு கழுவுவதெல்லாம் போக, பத்து நிமிடம் மிஞ்சினால் அதிர்ஷ்டம். பத்து நிமிடம் குறைவு என்று பதற வேண்டாம்; இளம் நாய்க்கு நல்ல பத்து நிமிடம் தாராளம். ஆனால் உதவியாளரே இல்லாமல் முப்பதுக்கு மேல் வைத்திருப்பவரிடம் அந்தப் பத்து நிமிடமும் தினமும் கிடைக்காது.

கடைசிக் கேள்விக்கு வரும் பதில் முக்கியம். “எல்லா நாயையும் தேற்றிவிடுவேன்” என்றவரை நான் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். “30 நாள் பார்ப்பேன், சரிப்படாதென்றால் போன் செய்து உங்கள் பணத்தை மிச்சப்படுத்துவேன்” என்றவரிடம்தான் கறுப்பன் போனான்.

5. ஒரு முழு நாள் நேரில் போய் உட்காருங்கள்

இதைச் செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ‘பயிற்சி நேரத்தில் பார்வையாளர் வந்தால் நாய்களின் கவனம் சிதறும்’ என்று ஒருவர் என்னிடம் சொன்னார். வேட்டையில் நான்கு பேர், இரண்டு நாய், ஒரு படகு, வெடிச்சத்தம். அங்கெல்லாம் சிதறாத கவனம் என்னைக் கண்டா சிதறப்போகிறது? அவர் பெயரையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

காலையில் கூண்டு கழுவும் நேரத்துக்கே போய்விடுங்கள். நாற்றத்தைவிட ஈரத்தைக் கவனியுங்கள். கழுவிய தண்ணீர் வடிந்து ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா? படுக்கும் பலகை காய்ந்திருக்கிறதா? நாய்களின் வால் நுனியில் ரத்தக்காயம், தேய்ந்த பாதம், சொறிந்து சிவந்த காது தெரிகிறதா? ஒன்றிரண்டு இருப்பது சகஜம். எல்லா நாய்க்கும் இருந்தால் சகஜம் இல்லை.

நான் போன அன்று ஒரு மஞ்சள் லாபின் வால், வேர்ப்பகுதியிலிருந்து இரண்டு அங்குலம் நேராக நின்று, பிறகு ஈரத்துண்டு மாதிரித் தொங்கியது. யாரோ அடித்து ஒடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, நாயை அழைத்து, வாலின் வேரில் மெல்ல விரல் வைத்து, “நேற்றுக் குளிர்ந்த தண்ணீரில் அதிக நேரம் நீந்தவிட்டேன், என் தப்புதான். சில நாளில் சரியாகிவிடும், இன்றைக்கு இவனுக்கு ஓய்வு” என்றார். ‘லிம்பர் டெயில்’ என்பார்களாம், நீந்தும் நாய்களுக்கு வருவது. தன் தவறை முன்பின் தெரியாத ஒருவனிடம் சொன்னாரே, அதைக் குறித்துக்கொண்டேன்.

பயிற்சி தொடங்கியதும் இரண்டே இடங்களில் கண்ணை வையுங்கள். ஒன்று, வண்டியின் பெட்டிக் கதவு திறக்கும் கணம். நாய் துள்ளிக் குதித்து இறங்குகிறதா, உள்ளே பதுங்குகிறதா? இரண்டு, நாய் தவறு செய்த அடுத்த அரை நிமிடம். செஸபீக் இன நாய் ஒன்று, பறவை விழுந்த இடத்தைத் தாண்டிப்போய் முட்செடிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் கையை ஈ-காலரின் (நாயின் கழுத்தில் மின்னதிர்வு தரும் பட்டை) ரிமோட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தூரத்தில் பறவை வீசியவருக்குச் சைகை காட்டினார். அவர் “ஹே ஹே” என்று குரல் கொடுத்து இன்னொன்றை அதே இடத்தில் வீசினார். நாய் தலையைத் திருப்பியது, ஓடியது, எடுத்தது. அடுத்த முறை பாதித் தூரத்திலிருந்து அனுப்பினார். ஒவ்வொரு நாய்க்குப் பிறகும் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஒரு வரி எழுதினார். குறிப்பு எழுதுகிறவர் நாயை நினைவில் வைத்திருக்கிறார்.

மாறாக, கத்தல், நாய் புரியாமல் நிற்கும்போதே காலரை அழுத்துவது, எல்லா நாய்க்கும் வயசு பார்க்காமல் ஒரே பாடம்: இவற்றைப் பார்த்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

குளத்தைப் பற்றியும் கேளுங்கள். கோடையில் நீலப்பச்சைப் பாசி படர்ந்தால் என்ன செய்வார்? அந்த நஞ்சு சில மணி நேரத்தில் நாயைக் கொல்லும். தெற்கே போகிறவர் என்றால் முதலையைப் பற்றிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

6. ஈ-காலர், ஃபோர்ஸ் ஃபெட்ச்: தயங்காமல் பேசிவிடுங்கள்

இங்கேதான் நம்மவர்கள் பலர் தயங்குகிறோம். என் மனைவிக்குக் காலர் என்றாலே ஆகாது. ஆனால் அமெரிக்காவில் ரிட்ரீவர் பழக்கும் பெரும்பாலான ப்ரோக்கள் ஈ-காலரும் ஃபோர்ஸ் ஃபெட்சும் கலந்த முறையைத்தான் கையாள்கிறார்கள். ஃபோர்ஸ் ஃபெட்ச் என்பது வாயில் கொடுத்ததைப் பிடி, வைத்திரு, சொன்னால் மட்டும் விடு என்பதை விளையாட்டாக இல்லாமல் கட்டளையாக்குவது. காதைக் கிள்ளியோ கால்விரலில் கயிறு சுற்றி இழுத்தோ அழுத்தம் கொடுப்பார்கள். பிடித்ததும் அழுத்தம் போய்விடும். நன்றாகச் செய்தால் சில வாரங்கள். அவசரப்பட்டால் நாய் பறவையைக் கண்டாலே ஒதுங்கும்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான்: கட்டளையை முதலில் கயிறு வைத்துக் கற்றுக்கொடுத்த பிறகு காலரா, இல்லை காலர் வைத்தே கற்றுக்கொடுப்பீர்களா? முதல் பதில்தான் சரி. “எந்த அளவில் வைப்பீர்கள்? என் கையில் வைத்துக் காட்டுங்கள்” என்றும் கேளுங்கள். எனக்குக் காட்டியது, எறும்பு கடித்ததற்கும் குறைவு. மேல் அளவுகள் அப்படி இல்லை என்பதையும் அவரே சொன்னார்.

காலர் வேண்டவே வேண்டாம் என்றால் பிரிட்டிஷ் முறைப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் நிதானமான வழி. நாயின் குணமும் அதற்குப் பொருந்த வேண்டும். காலர் முறைக்காரரிடம் விட்டுவிட்டு “காலர் மட்டும் போடாதீர்கள்” என்பதுதான் தப்பு. அவருக்குத் தெரியாத வேலையை அவரிடம் கேட்கிறீர்கள்.

7. செலவு

மாதக் கட்டணம் என்று சொல்வது முழுக் கட்டணம் இல்லை. நான் விசாரித்த ஐந்து இடங்களில் மாதம் 800 முதல் 1,200 டாலர் வரை சொன்னார்கள். தீனியும் தங்குமிடமும் அதில் அடக்கம். பயிற்சிக்கான பறவைக்குத் தனி: எனக்கு மாதம் 60 டாலர் வந்தது. ஆக நான்கு மாதத்துக்கு 950 வீதம் 3,800, பறவைக்கு 240, மொத்தம் 4,040. இதற்கு மேல் மருத்துவச் செலவு, உண்ணிக்கும் இதயப்புழுவுக்கும் மாத்திரை, தேர்வுக்கு அனுப்பினால் நுழைவுக் கட்டணம், நாயை நடத்த ப்ரோவுக்குத் தனிக் கூலி, சில இடங்களில் பயணச் செலவில் பங்கு. நீங்கள் போய்வரும் பெட்ரோலையும் சேருங்கள்.

மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். வேண்டாம். மாதாமாதம் கொடுங்கள். முப்பதாம் நாள் நாய் தோதில்லை என்றால் திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்காது. பில் பாக்கி வைப்பதும் ஆபத்து: பல மாநிலங்களில், பராமரிப்புக் கட்டணம் வரும்வரை விலங்கைப் பிடித்துவைக்கச் சட்டப்படி உரிமை உண்டு.

8. ஒப்பந்தமும் தாள்களும்

கை குலுக்கியே காரியம் நடக்கும் தொழில் இது. ஆனாலும் ஒரு பக்கமாவது எழுதிக் கேளுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

மாதக் கட்டணம், அதில் எது அடக்கம், எது தனி. கையாளும் ஆளின் பெயர். வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவதானால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது. அவசர மருத்துவத்துக்கு உங்களைக் கேட்காமல் எத்தனை டாலர் வரை செலவழிக்கலாம் என்பது. இந்தக் கடைசி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஆழமான மார்புள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்துக்குள் அறுவைசிகிச்சை நடக்க வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் விமானத்தில் இருக்கலாம்.

காப்பீடு பற்றிக் கேளுங்கள். பொதுவான தொழில் காப்பீடு, அவர் பொறுப்பில் இருக்கும் நாய்க்கு வரும் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்காது. அதற்குத் தனிப்பிரிவு இருக்க வேண்டும். இருக்கிறதா என்று ஒரே கேள்வி.

நீங்கள் கொண்டுபோக வேண்டிய தாள்கள்: ரேபிஸ் சான்றிதழ், டிஸ்டெம்பர்-பார்வோ, லெப்டோ, போர்டடெல்லா ஊசி விவரம், இதயப்புழுச் சோதனை முடிவு, மலப் பரிசோதனை முடிவு, மைக்ரோசிப் எண், உங்கள் கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண், தேர்வு எண்ணம் இருந்தால் ஏகேசி பதிவு எண். ‘லிமிடெட்’ (குட்டிகளைப் பதிவு செய்ய முடியாத) பதிவுதானே என்று கவலை வேண்டாம். ஹன்ட் டெஸ்டுக்கு அது போதும். சில கென்னல்கள் (நாய்களைத் தங்கவைக்கும் இடங்கள்) நாய் ஃப்ளூ ஊசியும் கேட்கும். அது இரண்டு தவணை, நடுவே இரண்டு முதல் நான்கு வாரம் இடைவெளி. கடைசி வாரத்தில் போய் நின்றால் நாயைத் திருப்பிக் கூட்டிவர வேண்டியதுதான். மாநிலம் தாண்டினால் பெரும்பாலும் கால்நடை மருத்துவர் தரும் உடல்நலச் சான்றும் தேவைப்படும். அதற்குக் காலாவதி உண்டு, சீக்கிரமே வாங்கி வைத்துவிடாதீர்கள்.

இவற்றோடு இன்னொரு தாள், எல்லாவற்றையும்விட மலிவானது: சொற்பட்டியல். வீட்டில் நாயை என்னவென்று கூப்பிடுகிறீர்கள், எந்தச் சொல்லுக்கு என்ன செய்கிறது? எங்கள் வீட்டில் நான் ‘கறுப்பா’, மகள் ‘கருப்பூ’, மனைவி ‘டேய்’. ‘வா’, ‘உட்கார்’, ‘விடு’ எல்லாம் தமிழில். இரண்டாவது பயிற்சியாளர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, ‘வா’, ‘விடு’ இரண்டும் அவர் காதுக்கு ஒன்றுபோல இருக்கிறது, நாய்க்கும் தூரத்தில் அப்படியே கேட்கலாம் என்றார். கட்டளைகளை அவருடைய ஆங்கிலச் சொற்களுக்கே மாற்றிக்கொண்டோம். பெயரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ‘கறுப்பா’ என்று ஐந்து முறை சொல்லவைத்து, அதை அவர் போனில் பதிவு செய்துகொண்டார்.

9. தேதிக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

வாத்து சீசன் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெரும்பாலும் செப்டம்பர் கடைசியிலிருந்து ஜனவரி 31 வரைக்குள் வரும். உங்கள் தொடக்க நாளை எடுத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். வேட்டைக்கு முன் நாய் ஒரு மாதமாவது உங்களோடு இருக்க வேண்டும். அதற்கு முன் நான்கு மாதப் பயிற்சி. மின்னசோட்டாவில் செப்டம்பர் கடைசி என்றால், ஏப்ரல் கடைசியில் நாய் பயிற்சிக்குள் போயிருக்க வேண்டும்.

வடக்கே இருப்பவர்களுக்கு: நவம்பர் முதல் மார்ச் வரை தண்ணீர் இல்லை. அந்த மாதங்களில் அனுப்புவதானால், தெற்கே இடம்பெயரும் பயிற்சியாளரிடம்தான் அனுப்ப வேண்டும். இல்லையென்றால், கீழ்ப்படிதலும் ஃபோர்ஸ் ஃபெட்சும் மட்டும்தான் நடக்கும் என்று தெரிந்தே அனுப்புங்கள். அது வீண் இல்லை, ஆனால் அது பாதிதான்.

நல்லவர்களிடம் இடம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குட்டி வீட்டுக்கு வந்த வாரமே போன் செய்யுங்கள். எட்டு மாதக் குட்டியை அதன் முதல் சீசனுக்கே தயார் செய்ய வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். அந்த ஓர் இலையுதிர்காலத்தை விட்டுக்கொடுத்தால் பத்து சீசன் கிடைக்கும்.

10. நாய் அங்கே இருக்கும்போது

முதல் இரண்டு மூன்று வாரம் போகாதீர்கள். உங்களைப் பார்த்தால் அழும், நீங்களும் அழுவீர்கள். அதன்பிறகு மாதம் இரு முறையாவது போய், உங்கள் கையால் நாயை நடத்துங்கள். நான் முதல் நாள் ஊதிய விசிலுக்கு அடுத்த வரிசையிலிருந்த நாய்தான் உட்கார்ந்தது. ஒரு நீண்ட ஊதல் ‘உட்கார்’, விட்டுவிட்டு ஊதினால் ‘வா’: எழுதும்போது எளிது, வாயில் விசிலும் கையில் பம்பரும் (பறவைக்குப் பதில் வீசும் பயிற்சிப் பொருள்) இருக்கும்போது எளிதில்லை. வாரம் ஒரு வீடியோ கேளுங்கள். தினமும் கேட்டால் அவர் நாயைப் பார்ப்பதா, போனைப் பார்ப்பதா?

11. வீட்டுக்கு வந்த பிறகு

கூட்டிவரும் நாளில் குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பயிற்சியாளர் நாயை நடத்த, நீங்கள் பார்க்க வேண்டும். பிறகு நீங்கள் நடத்த, அவர் திருத்த வேண்டும். காலர் இனி உங்கள் கையில் என்றால் அளவும் நேரமும் அவர் முன்னிலையிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

முதல் பத்து நாளில் நாய் உங்களைச் சோதிக்கும். ‘உட்கார்’ என்று ஒரு முறை சொல்லி உட்காரவில்லை என்றால், இரண்டாம் முறை சொல்லாமல், போய் உட்காரவையுங்கள். வீட்டில் எல்லோரும் அதே சொற்பட்டியலுக்கு வர வேண்டும். ஃபிரிஜ் கதவில் ஒட்டிவைத்தோம். மகள் இன்னும் ‘கருப்பூ’தான். பந்து வீசி விளையாடும்போது அனுப்பும்வரை உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அசையாமல் இருக்கும் பழக்கம் முதலில் கெடுவது அங்கேதான். முதல் சில வேட்டைகளுக்குத் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நண்பர் சுடட்டும், நீங்கள் நாயை மட்டும் பாருங்கள்.

அடுத்த ஆண்டு சீசனுக்கு முன் இரண்டு வாரம் மெருகேற்ற அனுப்புவது நல்லது. ஆகஸ்டில் எல்லோரும் அதையே கேட்பார்கள் என்பதால் மே மாதமே பதிவு செய்துவிடுங்கள். அனுப்பும்போது போர்டடெல்லா ஊசி காலாவதி ஆகிவிட்டதா என்று பாருங்கள். போன வருஷம் அதற்காகவே கென்னல் வாசலிலிருந்து திரும்பி, நாற்பது மைல் வண்டி ஓட்டினேன்.